வார்டு படுக்கையில் ஓர் இரவுப் பரிசோதனை

தூக்கத்தில் உடலின் தசைகள் தளர்கின்றன. நாக்கின் அடிப்பகுதியையும் மென்அண்ணத்தையும் தாங்கிப் பிடிக்கும் தசைகளும் அப்போது தளர்ந்துவிடும். தொண்டை இயல்பிலேயே குறுகலாக உள்ளவர்களுக்கு இந்தத் தளர்ச்சி ஒன்றே போதும். அழுத்தி உறிஞ்சினால் காகிதக் குழல் ஒட்டிக்கொள்வதுபோல, மூச்சை உள்ளே இழுக்கும்போது தொண்டையின் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மார்பும் வயிறும் மூச்சுக்காகப் போராடும். காற்று மட்டும் உள்ளே போகாது. 10 விநாடி, 20 விநாடி, சிலருக்கு ஒரு நிமிடத்துக்கும் மேல் இப்படியே கழியும். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை அபாயத்தை உணர்ந்து ஒரு கணம் தட்டி எழுப்பும். உறுமலோடு மூச்சு திரும்பும். மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. ஓர் இரவில் நூற்றுக்கணக்கான தடவை இது நடந்தாலும் காலையில் எழுந்தவருக்கு ஒன்றும் நினைவிருக்காது. ‘அடைப்பு வகை ஸ்லீப் ஆப்னியா’ என்று மருத்துவர்கள் சொல்லும் தூக்க மூச்சடைப்பு இதுதான்.

இந்த நோயை மருத்துவ உலகம் தெளிவாக அடையாளம் கண்டு அறுபது ஆண்டுகள்தான் ஆகின்றன. 1965இல் பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே தூங்குவோரின் மூச்சைப் பதிவுசெய்து, அது திரும்பத் திரும்ப நிற்பதைக் கண்டன. 1981இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன், மூக்கின் வழியே சீரான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் ‘சீபாப்’ முறையைக் கொண்டுவந்தார். 1993இல் வெளிவந்த விஸ்கான்சின் ஆய்வு, நடுவயது ஆண்களில் 24 சதவீதம் பேருக்கும் பெண்களில் 9 சதவீதம் பேருக்கும் ஏதோ ஓர் அளவில் இந்தக் கோளாறு இருப்பதைக் காட்டியது. மும்பையில் சரீர் உத்வாடியா குழுவினர் 35 முதல் 65 வயது வரையுள்ள நகர்ப்புற ஆண்களை ஆராய்ந்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். மூச்சடைப்போடு பகல் தூக்கக் கலக்கமும் சேர்ந்து இருந்தவர்கள் அவர்களில் 7.5 சதவீதம். 2019இல் வந்த ஓர் உலக மதிப்பீட்டின்படி, 30 முதல் 69 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ 93.6 கோடிப் பேருக்கு இந்நோய் இருக்கிறது. நடுத்தர அளவையோ அதற்கும் மேலான தீவிரத்தையோ எட்டியவர்கள் 42.5 கோடி. இவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. குறட்டை விடுகிறார் என்று வீட்டார் சிரித்துவிட்டுப் போவதோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

தெரியாமலே இருக்கும் இந்த நோய், அதை உடையவர் வேறு ஏதோ காரணத்துக்காக மருத்துவமனையில் சேரும்போதுதான் அதிக ஆபத்தாகிறது. இதய நோயாளிகள், பக்கவாதம் வந்தவர்கள், மருந்துக்கு அடங்காத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்கள், நீரிழிவோடு உடல் பருமனும் உள்ளவர்கள் ஆகியோரிடம் தூக்க மூச்சடைப்பு மிகுதி. ஒரு பொது மருத்துவமனையின் வார்டுகளை நிறைத்திருப்பவர்களும் இவர்களே. அமெரிக்காவின் ஓஹியோவில் ராமி கயாத் குழுவினர், இதயச் செயலிழப்பு முற்றி மருத்துவமனையில் சேர்ந்த, இதயத்தின் பம்ப் திறன் குறைந்த 1,117 நோயாளிகளைப் படுக்கையிலேயே சோதித்தார்கள். 47 சதவீதம் பேருக்கு அடைப்பு வகை மூச்சடைப்பு இருந்தது. மேலும் 31 சதவீதம் பேருக்கு இருந்தது மூளையிலிருந்து மூச்சுக்கான கட்டளையே தடுமாறும் மைய வகை. மூச்சுக் கோளாறு இல்லாமல் தூங்கியவர்கள் நான்கில் ஒருவருக்கும் குறைவு. இந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. இரு வகையினருமே வீடு திரும்பிய பிறகு மற்றவர்களைவிட அதிகமாக உயிரிழந்தார்கள் என்பதையும் அது பதிவுசெய்தது.

மருத்துவமனைச் சூழலும் நோயைக் கூட்டுகிறது. நோயாளி பெரும்பாலும் மல்லாந்து கிடக்கிறார். அந்த நிலையில் நாக்கு பின்னோக்கிச் சரிகிறது. சிரை வழியே திரவம் ஏறுகிறது. பகலில் கால்களில் தேங்கிய நீர், படுத்ததும் கழுத்துப் பக்கம் நகர்ந்து தொண்டைத் திசுக்களை வீங்க வைக்கிறது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடம் இது கண்கூடு. இவற்றைவிடக் கவலை தருவது மருந்துகள். மார்ஃபின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு வலி நிவாரணிகளும் தூக்க மாத்திரைகளும் மூச்சுக் கட்டளையை மந்தமாக்குகின்றன. தொண்டை அடைத்துக்கொண்ட ஒவ்வொரு தடவையும் நோயாளியைக் காப்பாற்றுவது மூளை தரும் அந்தச் சிறு விழிப்புதான். அந்த விழிப்பையே இம்மருந்துகள் மழுங்கடிக்கின்றன. வீட்டில் ஆண்டுக்கணக்காகக் குறட்டை விட்டுத் தூங்கி எழுந்த ஒருவர், அறுவை முடிந்த இரவில் எழாமல் போகக்கூடும் என்ற அச்சம் மயக்க மருந்து நிபுணர்களுக்கு எப்போதும் உண்டு.

அந்த அச்சத்துக்கு எண்களால் வடிவம் கொடுத்தது 2019இல் ‘ஜாமா’ இதழில் வந்த ஓர் ஆய்வு. ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மத்தேயு சான் தலைமையில், 5 நாடுகளின் 8 மருத்துவமனைகளில், இதயம் சாராத பெரிய அறுவைச் சிகிச்சைக்கு வந்த 1,218 பேருக்கு முன்கூட்டியே கையடக்கக் கருவியால் தூக்கப் பரிசோதனை நடந்தது. இவர்களில் யாருக்கும் அதுவரை தூக்க மூச்சடைப்பு என்று சொல்லப்பட்டதில்லை. ஆனால் மூன்றில் இரண்டு பங்கினருக்கு அது இருந்தது. 136 பேருக்குத் தீவிர நிலையில். அறுவைக்குப் பிந்தைய 30 நாட்களில் மாரடைப்பு, இதயத் தசைப் பாதிப்பு, பக்கவாதம் போன்ற இதய-ரத்தநாளச் சிக்கல்கள் யாருக்கு வந்தன என்று கணக்கெடுத்தார்கள். நோய் இல்லாதவர்களில் 14 சதவீதம்; தீவிர நோய் உள்ளவர்களில் 30 சதவீதம். லேசான, நடுத்தர நிலைகளில் உள்ளவர்களுக்கு ஆபத்து சற்றே கூடித் தெரிந்தாலும், வயது முதலான மற்றக் காரணங்களைக் கழித்துப் பார்த்தபோது தெளிவாக நின்றது தீவிர நிலை மட்டுமே. அறுவைக்குப் பிந்தைய முதல் மூன்று இரவுகளில் ரத்த ஆக்சிஜன் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கிக் கிடந்த நேரமும் அளக்கப்பட்டது. சிக்கல் வந்தவர்களிடம் அது சராசரியாக 23 நிமிடம், வராதவர்களிடம் 10 நிமிடம். ஆக, எல்லாரையும் ஒரே தட்டில் வைத்துப் பயமுறுத்த வேண்டியதில்லை. தீவிர நிலையில் உள்ளவர்களைத் தவறவிடாமல் கண்டுபிடிப்பதுதான் மருத்துவமனையின் வேலை.

இதற்கு உரைகல்லாகக் கருதப்படுவது பாலிசோம்னோகிராபி எனப்படும் முழுமையான தூக்கப் பரிசோதனை. தூக்க ஆய்வுக்கூடத்தில் ஓர் இரவு தங்க வேண்டும். மூளை அலைகள், கண் அசைவு, தாடைத் தசை, இதயத் துடிப்பு, மூச்சு, ஆக்சிஜன், கால் அசைவு என அனைத்தும் பதிவாகும். பக்கத்து அறையில் ஒரு தொழில்நுட்பர் இரவு முழுக்க விழித்திருந்து பார்ப்பார். அந்த அறைக்கு இதயச் செயலிழப்போடு மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவரையோ, நேற்று பக்கவாதம் வந்தவரையோ அழைத்துப் போக முடியாது. பெரும்பாலான மருத்துவமனைகளில் அப்படி ஓர் அறையே கிடையாது. இருக்கும் இடங்களிலும் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நோயாளியிடம் கருவி போவதே நடக்கக்கூடிய வழி.

தூக்கப் பரிசோதனைக் கருவிகளை 1994 முதல் நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். முதல் வகை, மேலே சொன்ன ஆய்வுக்கூடச் சோதனை. இரண்டாவது, அதே அளவீடுகளைக் கண்காணிப்பாளர் இல்லாமல் எடுப்பது. மூன்றாவது, குறைந்தது நான்கு அளவீடுகளை மட்டும் பதியும் கையடக்கக் கருவி. நான்காவது, ஆக்சிஜன் போன்ற ஒன்றிரண்டை மட்டும் பதிவது. வார்டு படுக்கைகளில் பெரிதும் பயன்படுவது மூன்றாம் வகை.

உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்று மார்பின் மேல் பட்டையோடு கட்டப்படுகிறது. மூக்குத் துவாரங்களில் செருகிய மெல்லிய பிளாஸ்டிக் குழாய், ஒவ்வொரு மூச்சிலும் ஏற்படும் அழுத்த மாற்றத்தை அளக்கிறது. காற்று வருகிறதா, எவ்வளவு வருகிறது என்று அதிலிருந்து தெரியும். மார்பிலும் வயிற்றிலும் சுற்றிய நெகிழ் பட்டைகள், மூச்சுக்காக உடல் முயல்கிறதா என்று சொல்லும். விரல் நுனியில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர் நாடித்துடிப்பையும் ஆக்சிஜன் அளவையும் எழுதிக்கொண்டே போகும். ஜப்பானின் தகுவோ அயோயாகி 1970களின் தொடக்கத்தில் வகுத்த தத்துவம்தான் இன்றும் இந்த ஆக்சிமீட்டரின் அடிப்படை. நோயாளி மல்லாந்து கிடக்கிறாரா, ஒருக்களித்திருக்கிறாரா என்று காட்டும் உணரியும் பெட்டிக்குள் இருக்கும். காற்று நின்றிருக்கும்போது மார்புப் பட்டையும் வயிற்றுப் பட்டையும் எதிரெதிராக அசைந்தால், அது அடைப்பு. காற்றும் நின்று பட்டைகளும் அசையாமல் கிடந்தால், அது மைய வகை. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதே மூன்றாம் வகைக் கருவியின் பெரிய பலம்.

வேறொரு வழியிலும் கருவிகள் உண்டு. இஸ்ரேலில் உருவாகி 2001இல் அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி பெற்ற ‘வாட்ச்பேட்’, மணிக்கட்டிலும் விரலிலும் மாட்டுவது. மூச்சடைத்து மூளை விழிக்கும்போது விரலின் சிறு தமனிகள் சுருங்கும். அந்தச் சுருக்கத்திலிருந்து நோயைக் கணிக்கிறது. மூக்கில் குழாய் வேண்டாம் என்பது நோயாளிக்கு ஆறுதல். ஆனால் ரத்தநாளங்களைத் தளர்த்தும் ஆல்ஃபா பிளாக்கர் மருந்து எடுப்போரிடமும், துடிப்பு ஒழுங்கு தவறியவர்களிடமும் இந்தக் கணிப்பை அப்படியே நம்புவது கடினம். இதய வார்டில் அத்தகையவர்கள்தான் அதிகம்.

பதிவான தடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை மூச்சு நின்றது, எத்தனை தடவை வெகுவாகக் குறைந்தது என்று கூட்டி ஓர் எண் பெறப்படுகிறது. காற்றோட்டம் 90 சதவீதமோ அதற்கு மேலோ சரிந்து 10 விநாடியாவது நீடித்தால் அது ‘ஆப்னியா’. குறைந்தது 30 சதவீதம் சரிந்து, கூடவே ஆக்சிஜனும் 3 அல்லது 4 சதவீதம் இறங்கினால் ‘ஹைப்பாப்னியா’. இரண்டும் சேர்ந்த குறியீடு மணிக்கு 5க்குக் குறைவாக இருந்தால் இயல்பு. 5 முதல் 15க்குள் லேசானது. 15 முதல் 30க்குள் நடுத்தரம். 30ஐ எட்டினால் தீவிரம். கருவியோடு வரும் மென்பொருள் இந்த எண்ணைத் தானே போட்டுத் தந்துவிடும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், பயிற்சி பெற்ற ஒருவர் மூலத் தடங்களைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்தே கையெழுத்திட வேண்டும். நழுவிய மூக்குக் குழாய் மென்பொருளின் கண்ணுக்கு மூச்சு நின்றதாகவே தெரியும்.

எல்லா நோயாளிகளுக்கும் கருவி மாட்டுவது தேவையும் இல்லை, இயலவும் இயலாது. கேள்விகளால் சலித்தெடுப்பதே முதல் படி. டொரோன்டோவைச் சேர்ந்த மயக்க மருந்து நிபுணர் பிரான்சஸ் சங் குழுவினர் 2008இல் வெளியிட்ட ‘ஸ்டாப்-பேங்’ வினாத்தாள் உலகெங்கும் புழக்கத்தில் உள்ளது. கதவுக்கு வெளியே கேட்கும் அளவுக்குக் குறட்டையா, பகலில் அசதியா, தூக்கத்தில் மூச்சு நின்றதை யாராவது பார்த்தார்களா, ரத்த அழுத்தம் உண்டா என்று நான்கு கேள்விகள், உடல் பருமன் குறியீடான பி.எம்.ஐ. 35க்கு மேலா, வயது 50க்கு மேலா, கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேலா, ஆணா என்று இன்னும் நான்கு. ஐந்தோ அதற்கு மேலோ ‘ஆம்’ என்றால் நோய் இருக்க வாய்ப்பு அதிகம். மூன்றோ நான்கோ என்றால் இடைநிலை. அறுவைக்கு முன் வாயைத் திறக்கச் சொல்லி உள்நாக்கும் மென்அண்ணமும் எவ்வளவு தெரிகின்றன என்று பார்ப்பதும் உதவும். ஆந்திரத்தில் பிறந்து பாஸ்டனில் பணியாற்றிய சேஷகிரி ராவ் மல்லம்பட்டி 1985இல் முன்வைத்த இந்த எளிய சோதனை, அவர் பெயராலேயே வழங்குகிறது. இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். பி.எம்.ஐ. 35 என்ற எல்லை மேற்கத்திய உடல்வாகுக்குப் பொருந்துவது. ஆசியர்களுக்கு முக எலும்பமைப்பாலும் சிறிய தாடையாலும் அவ்வளவு பருமன் இல்லாமலேயே தொண்டை குறுகிவிடுகிறது. ஒல்லியானவர் என்பதற்காக அவரது குறட்டையை ஒதுக்கிவிடலாகாது. இந்த வினாக்களுக்குச் சரியான விடை தெரிந்தவர் பெரும்பாலும் நோயாளி அல்ல, பக்கத்தில் படுக்கும் மனைவியோ கணவரோதான். வார்டில் துணைக்கு இருப்பவரைக் கேட்காமல் தாளை நிரப்புவது பாதி வேலை.

வார்டில் இந்தச் சோதனையை ஒழுங்காக முடிப்பது வீட்டில் செய்வதைவிடக் கடினம். நள்ளிரவில் ரத்த அழுத்தம் பார்க்க வருவார்கள். பக்கத்துப் படுக்கையில் சலைன் பம்ப் அலறும். விடியுமுன் ரத்தம் எடுக்க வருவார்கள். நல்ல தரத்தில் குறைந்தது 4 மணி நேரப் பதிவு இருந்தால்தான் முடிவு சொல்லலாம் என்பது வழிகாட்டு நெறி. இக்கருவி மூளை அலையைப் பதிவதில்லை. ஆகவே நோயாளி எவ்வளவு நேரம் உண்மையில் தூங்கினார் என்று அதற்குத் தெரியாது. கண் விழித்துக் கிடந்த நேரத்தையும் சேர்த்தே வகுப்பதால் எண் குறைந்து வரும்; ஆக்சிஜன் இறங்காமல் விழிப்பை மட்டும் உண்டாக்கும் தடைகளும் கணக்கில் விழாமல் போகும். எதிர்ப்பக்கத்தில், கடும் நோயும் மருந்தும் மல்லாந்த நிலையும் எண்ணைத் தற்காலிகமாக ஏற்றிவிடுவதும் உண்டு. ஆனாலும் தீவிர நோய் என்று கருவி காட்டினால் வார்டில் அதை நம்பி உடனே செயல்படலாம். இயல்பு என்று காட்டியதை மட்டும் வைத்து நோய் இல்லை என்று அனுப்பிவிடக் கூடாது. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறையும், கையடக்கச் சோதனையில் நோய் தெரியாவிட்டாலோ பதிவு தெளிவில்லாவிட்டாலோ ஆய்வுக்கூடச் சோதனை செய்யச் சொல்கிறது. இதய-நுரையீரல் நோய் முற்றியவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், தொடர்ந்து ஓபியாய்டு எடுப்பவர்கள் ஆகியோருக்கு முதலிலேயே ஆய்வுக்கூடச் சோதனைதான் ஏற்றது என்றும் அது கூறுகிறது. வார்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பட்டியலுக்குள் வருபவர்களே. அதனால்தான் படுக்கையருகே எடுக்கும் பதிவை முதல் கட்டக் கண்டுபிடிப்பாக மட்டுமே கொள்ள வேண்டும்.

வசதி குறைந்த மருத்துவமனைகளில் விரல் ஆக்சிமீட்டர் ஒன்றையே இரவு முழுக்க மாட்டி வைத்துப் பார்ப்பதுண்டு. ஆக்சிஜன் இறங்கி ஏறும் ரம்பப்பல் போன்ற வரைகோடு கிடைத்தால் அது வலுவான சந்தேகம். ஆனால் வார்டில் இருக்கும் சாதாரண மானிட்டர் இதற்கு உதவாது. அது பல விநாடிகளின் சராசரியைக் காட்டுவதால் குறுகிய இறக்கங்கள் மறைந்துவிடும். தூக்கச் சோதனைக்கு 3 விநாடிக்கு மேற்படாத சராசரியைத் தரும் கருவி வேண்டும். நகப்பூச்சு, குளிர்ந்த விரல் இரண்டும் அளவைக் கெடுக்கும். கருமையான தோலில் ஆக்சிமீட்டர் உண்மையைவிடச் சற்று உயர்த்திக் காட்டக்கூடும் என்பதை 2020இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மறுபடி வலியுறுத்தினார்கள். நம்மவர்கள் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி இது. மூக்கில் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும் நோயாளியிடம் மூச்சு நின்றாலும் அளவு இறங்காமல் நிற்கும். திரையில் 97 என்று பார்த்துச் செவிலியர் நிம்மதியாக நகர்ந்துவிடுவார். உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டிருக்கும்.

அடைப்பு வகையா மைய வகையா என்று ஆக்சிமீட்டரால் சொல்லவே முடியாது. இது சிறு குறை இல்லை. 2015இல் வெளிவந்த ‘செர்வ்-எச்எஃப்’ ஆய்வில், இதயத்தின் பம்ப் திறன் 45 சதவீதமோ அதற்கும் குறைவோ ஆகி, மைய வகை மேலோங்கியிருந்த 1,325 பேரில் ஒரு பகுதியினருக்கு ‘ஏஎஸ்வி’ என்ற தானியங்கி மூச்சு உதவிக் கருவி கொடுக்கப்பட்டது. நன்மை செய்யும் என்று எதிர்பார்த்த கருவி, இறப்பைக் கூட்டியது. எந்த வகை என்று பிரிக்காமல் சிகிச்சையைத் தொடங்குவதன் விலை அவ்வளவு பெரியது.

நோய் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், மருத்துவமனையில் இருக்கும் நாட்களிலேயே செய்யக்கூடியவை நிறைய. தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்க வைப்பது, ஒருக்களித்துத் தூங்கச் செய்வது, வலிக்கு ஓபியாய்டைக் குறைத்து நரம்புத் தடை ஊசியும் பாராசிட்டமால் போன்ற மாற்று மருந்துகளும் தருவது, தூக்க மாத்திரையைத் தவிர்ப்பது, அறுவைக்குப் பிந்தைய இரவுகளில் தொடர் ஆக்சிமீட்டர் கண்காணிப்பில் வைப்பது. பெரும்பாலும் இவற்றுக்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம், அறிந்திருந்தால் போதும். ஏற்கெனவே சீபாப் பயன்படுத்துபவர் சிகிச்சைக்குச் சேரும்போது தம் கருவியையும் முகமூடியையும் கையோடு கொண்டுவர வேண்டும். மயக்க மருந்து மருத்துவரிடம் அதைத் தாமே முந்திச் சொல்ல வேண்டும்.

சீபாப் எல்லாவற்றையும் குணமாக்கும் என்று சொல்வதும் சரியாகாது. இதய அல்லது மூளை ரத்தநாள நோய் ஏற்கெனவே உள்ள 2,717 பேரிடம் நடந்து 2016இல் வெளிவந்த ‘சேவ்’ ஆய்வில், சீபாப் பயன்படுத்தியவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. அவர்கள் ஓர் இரவில் சராசரியாக 3.3 மணி நேரமே அதை மாட்டியிருந்தார்கள். மாரடைப்பு வகைக் கோளாறால் சேர்ந்தவர்களை, சேர்ந்த முதல் சில நாட்களிலேயே கையடக்கக் கருவியால் சோதித்த ஸ்பெயினின் ‘ஐசாக்’ ஆய்வும் 2020இல் அதே போன்ற முடிவைத் தந்தது. ஆனால் பகல் தூக்கக் கலக்கம் விலகுவதும், குறட்டை அடங்குவதும், ரத்த அழுத்தம் ஓரளவு இறங்குவதும், வாழ்வின் தரம் உயர்வதும் சீபாப்பின் நிச்சயமான பலன்கள். வண்டி ஓட்டுபவருக்குப் பகலில் கண் அயராமல் இருப்பது உயிர்ப் பிரச்சினை.

வார்டிலேயே நோயைக் கண்டுபிடிக்கும் இந்த முயற்சி பெரும்பாலும் பழுதாவது நோயாளி வீடு திரும்பும் நாளில். வார்டில் எடுத்த பதிவின் முடிவு டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏறாமல் போனால், அந்த இரவின் உழைப்பு வீண். குறியீட்டு எண், அடைப்பா மையமா என்ற வகை, மிகக் குறைந்த ஆக்சிஜன் அளவு, சோதனையின்போது ஆக்சிஜனும் வலி மருந்தும் ஓடினவா, அடுத்து எங்கே எப்போது போக வேண்டும் ஆகியவை அதில் இருக்க வேண்டும். உடல்நிலை தேறிய சில வாரங்களுக்குப் பிறகு, முடிந்தால் ஆய்வுக்கூடத்தில், மறுபடி சோதித்துத்தான் நீண்டகாலச் சிகிச்சையை உறுதிசெய்ய வேண்டும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. மிகுந்த உடல் பருமனோடு, விழித்திருக்கும்போதே ரத்தத்தில் கரியமில வாயு உயர்ந்து, மூச்சுத் திணறலோடு சேர்ந்தவர்கள் காத்திருக்கக் கூடாது. இத்தகையவர்களை மூச்சு உதவிக் கருவியோடே வீட்டுக்கு அனுப்பி, மூன்று மாதங்களுக்குள் தூக்க ஆய்வுக்கூடத்தில் முழுப் பரிசோதனை செய்யும்படி அமெரிக்க மார்பு நோய் மருத்துவச் சங்கமான ஏடிஎஸ் 2019இல் பரிந்துரைத்தது.